தாமிரபரணியோடு மூன்று நாள்: முதல்முறை வருவோருக்கு முழுமையான வழிகாட்டி

திருநெல்வேலிக்கு வருகிறவர்களில் பலர் நெல்லையப்பரைக் கும்பிட்டு, அல்வா வாங்கிக்கொண்டு, குற்றாலத்துக்கோ திருச்செந்தூருக்கோ வண்டி ஏறிவிடுகிறார்கள். நடுவில் ஓடும் ஆற்றைப் பாலத்தின் மேல் அரை நிமிடம் பார்த்ததோடு சரி. இந்த வழிகாட்டி அந்த அரை நிமிடத்தை மூன்று நாளாக நீட்டிக்கொள்ள விரும்புகிறவர்களுக்கானது.

ஜெர்மனியின் தெற்கே, வூர்ஸ்புர்க் நகரில் தொடங்கி ஆல்ப்ஸ் அடிவாரத்து ஃபூசனில் முடியும் 'ரொமான்டிக் சாலை' உலகப் புகழ் பெற்றது. ரோத்தன்புர்க், டிங்கெல்ஸ்பூல், நோர்ட்லிங்கன் என்று மதில் சூழ்ந்த பழைய ஊர்களை ஒரு சரமாகக் கோத்து, 1950இல் அந்தப் பெயரைச் சூட்டினார்கள். ஊர்கள் ஏற்கெனவே இருந்தன. சரம் மட்டும் புதியது. நம் நெல்லைச் சீமையில் சரமும் பழையதுதான். பொதிகை மலையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும் தாமிரபரணி, சுமார் 128 கி.மீ. தூரத்துக்குள் மலைக்கோயில், நூற்பாலை, பாய் நெய்யும் ஊர், ஆழ்வார் பிறந்த ஊர், தாழிக்காடு, பாண்டியர் துறைமுகம் எல்லாவற்றையும் கோத்து வைத்திருக்கிறது. பெயர்ப்பலகைதான் இல்லை.

படி 1: தண்ணீர் போகிற திசையில் போங்கள்

இந்தப் பயணத்துக்கு ஒரே ஒரு விதி உண்டு. மேற்கிலிருந்து கிழக்கே, மலையிலிருந்து கடலுக்குப் போங்கள்.

நான் முதல்முறை போனபோது திருச்செந்தூரில் தொடங்கி மேற்கே ஏறினேன். நவதிருப்பதி எனும் ஒன்பது பெருமாள் கோயில்களையும் ஒரே மூச்சில் பார்த்துவிட வேண்டும் என்று ஓடியதில், உச்சிவேளையில் நடை சாத்திய கோயில் வாசலில் போய் நின்றேன். நான்கு மணி வரை காத்திருந்தேன். அன்று மாலை வீடு திரும்பியபோது எந்தக் கோயில் எந்த ஊரில் இருந்தது என்பதே குழம்பிப் போயிருந்தது. மறுமுறை பாபநாசத்தில் தொடங்கினேன். ஒவ்வொரு ஊரும் ஏன் அங்கே இருக்கிறது என்பது தானாகவே விளங்கியது. மலையிலிருந்து இறங்கும் வேகத்தை ஆலை பயன்படுத்திக்கொண்டது, சமவெளிக்கு வந்ததும் கால்வாய் பிரிந்தது, கால்வாய் போன வழியில் வயலும் வயலோரம் ஊரும் ஊருக்கொரு கோயிலும் வந்தன.

ஆற்றின் குறுக்கே உள்ள எட்டு அணைக்கட்டுகளை மனதில் வைத்துக்கொண்டால் வழி தவறாது: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். இவற்றிலிருந்து பிரியும் 11 கால்வாய்கள் சுமார் 86,000 ஏக்கர் நிலத்துக்குத் தண்ணீர் தருகின்றன. எட்டாவதான ஸ்ரீவைகுண்டம் ஆங்கிலேயர் காலத்தது. மற்ற ஏழும் அதற்கு முந்தியவை.

இன்னொரு சின்ன வேலை. வண்டியை நிறுத்தி ஆற்றில் இறங்கும் ஒவ்வோர் இடத்திலும், தண்ணீரை மட்டும் நேர் மேலிருந்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

படி 2: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஜனவரியும் பிப்ரவரியும் மிகப் பொருத்தமானவை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும். பிசான நெல் பச்சையிலிருந்து பொன்னிறத்துக்கு மாறிக்கொண்டிருக்கும். சாலையோரம் பனங்கிழங்கு கட்டுக்கட்டாக விற்கும்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இன்னோர் அழகு. தென்மேற்குக் காற்றும் சாரலும் மலையடிவாரம் வரை வரும். வயலில் கார் சாகுபடி நடக்கும். ஆனால் ஆடி அமாவாசையை ஒட்டிய நாட்களில் காரையாறு சொரிமுத்தையனார் கோயிலுக்குப் பெருங்கூட்டம் வரும். முதல்முறை வருபவர்கள் அந்த வாரத்தைத் தவிர்ப்பது நல்லது.

நவம்பர், டிசம்பரில் வருவதாக இருந்தால் வானிலை அறிவிப்பைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. பதிவானது. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு ரயில் வெள்ளத்தில் சிக்கி நின்றது. ஆற்றங்கரைச் சாலைகள் பல இடங்களில் அறுந்து போயின. ஏப்ரல், மே வெயில் கடுமை. ஆனால் பதநீரும் நுங்கும் கிடைக்கும் காலம் அதுதான்.

படி 3: வண்டியும் தங்குமிடமும்

மூன்று நாளும் சேர்த்து 300 கி.மீ.க்குள்தான் ஓட்டம். கார், பைக் இரண்டும் சரி. அறுவடைக் காலத்தில் கிராமத்துச் சாலையிலேயே நெல்லையும் வைக்கோலையும் காயப் போட்டிருப்பார்கள். வேகத்தைக் குறைத்து, ஒதுங்கி ஓட்டுங்கள். அது ஒரு குடும்பத்தின் அரை வருட உழைப்பு.

வண்டி இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. திருநெல்வேலி–செங்கோட்டை ரயில் பாதையில் சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் நிலையங்கள் வரிசையாக வருகின்றன. திருநெல்வேலி–திருச்செந்தூர் பாதையில் செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி. நிலையத்திலிருந்து ஆட்டோவோ நகரப் பேருந்தோ பிடித்துக்கொள்ளலாம்.

தங்குவதற்குத் திருநெல்வேலியையே மூன்று இரவுக்கும் மையமாக வைத்துக்கொள்ளுங்கள். மேற்கே பாபநாசம் சுமார் 50 கி.மீ., கிழக்கே கடல் சுமார் 60 கி.மீ. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக மாற வேண்டியதில்லை.

படி 4: கையில் இருக்க வேண்டியவை

- குளிக்க மாற்றுத்துணி, துண்டு. சோப்பும் ஷாம்பும் வேண்டாம்.
- கோயிலுக்கு வேட்டி அல்லது சேலை, சுடிதார் போன்ற உடை.
- எவர்சில்வர் தண்ணீர் பாட்டில். மலைப்பகுதிச் சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக்கையும் மதுவையும் அனுமதிக்க மாட்டார்கள்.
- ஆதார் போன்ற ஓர் அடையாள அட்டை.
- சில்லறைப் பணம். பாய்க்கடை, பனங்கிழங்கு, படித்துறைப் பூக்கடை எல்லாவற்றுக்கும் உதவும்.
- வெற்றுப்பை ஒன்று. உங்கள் குப்பை உங்களோடு திரும்பி வர வேண்டும்.

பொதுவாகக் கோயில் நடை நண்பகலில் சாத்தி மாலை நான்கு, ஐந்து மணிக்குத் திறக்கும். ஆகவே காலையில் கோயில், நண்பகலில் அணைக்கட்டும் அருங்காட்சியகமும், மாலையில் மறுபடி கோயில் என்று அமைத்துக்கொண்டால் எந்த வாசலிலும் காத்துக் கிடக்க வேண்டாம்.

வழி கேட்கத் தயங்காதீர்கள். "அண்ணாச்சி, ஆத்துக்கு எப்படிப் போகணும்?" என்று கேட்டுப் பாருங்கள். பாதி வழி கூடவே வந்து காட்டுவார்கள்.

படி 5: முதல் நாள், மலையிலிருந்து பத்தமடை வரை

காலை ஆறு மணிக்குத் திருநெல்வேலியிலிருந்து புறப்பட்டு நேராகப் பாபநாசம் போய்விடுங்கள். போகும்போது எங்கும் நிற்க வேண்டாம். திரும்பும்போதுதான் பயணம் தொடங்குகிறது.

பாபநாசம்: பாபநாசநாதர் கோயிலுக்கு எதிரே படித்துறை. நவகைலாயம் எனும் ஒன்பது சிவன் கோயில்களில் முதல் தலம், சூரியனுக்குரியது. படியில் உட்கார்ந்து காலை நனைத்தால் மீன்கள் வந்து மொய்க்கும். அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணலாம். முதல் படத்தை இங்கே எடுங்கள்.

அகத்தியர் அருவியும் காரையாறும்: கோயிலைத் தாண்டி வனத்துறைச் சோதனைச் சாவடி. அதற்கு மேலே களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகம், 1988இல் அமைந்தது. நேரமும் அனுமதியும் பருவத்துக்கேற்ப மாறும். முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். அகத்தியர் அருவிக்கு மேலே இருப்பது கல்யாண தீர்த்தம். விடுதலைப் போராளியும் சிறுகதை முன்னோடியுமான வ.வே.சு. ஐயர் 1925 ஜூன் 3 அன்று, தண்ணீரில் விழுந்த மகள் சுபத்திராவைக் காப்பாற்றக் குதித்து உயிர்விட்டது இங்கேதான். தடுப்புக்கம்பியைத் தாண்டாதீர்கள் என்று சொல்வதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியாது.

மேலே பாபநாசம் அணை, 143 அடி. நெல்லை மக்கள் காலைச் செய்தித்தாளில் முதலில் தேடும் எண்களில் அணை நீர்மட்டமும் ஒன்று. டீக்கடையில் "பாபநாசம் நூறைத் தாண்டிட்டு" என்று யாராவது சொன்னால், அந்த வருடப் பிசானம் தப்பித்தது என்று பொருள்.

விக்கிரமசிங்கபுரம்: மலையிலிருந்து தண்ணீர் இறங்கும் விசையைக் கண்டு, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹார்வி சகோதரர்கள் இங்கே நூற்பாலை அமைத்தார்கள். ஊரே ஆலையைச் சுற்றி வளர்ந்தது. வண்டியிலிருந்தபடியே பார்த்துக்கொண்டு போகலாம்.

அம்பாசமுத்திரம்: ஊருக்குள் கடைசல் பிடித்த மரச் செப்புச் சாமான் விற்கும் கடைகளைத் தேடுங்கள். குழந்தைகளுக்கு இதைவிட நல்ல பரிசு இல்லை. ஒரு மணி நேரம் மிச்சமிருந்தால் அருகிலுள்ள மன்னார்கோயிலுக்கும் பிரம்மதேசத்துக்கும் போய்வாருங்கள். மன்னார்கோயில் ராஜகோபாலசுவாமி கோயில் சோழர் காலத்தது; குலசேகராழ்வார் தம் கடைசிக் காலத்தைக் கழித்த இடம் என்பது மரபு. பிரம்மதேசம் கைலாசநாதர் கோயில், ஒரு சிற்றூருக்குள் இவ்வளவு பெரிய கோயிலா என்று வியக்க வைக்கும்.

கல்லிடைக்குறிச்சி: அம்பையிலிருந்து ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் அக்கரையில் கல்லிடை. நீண்ட அக்ரகாரத் தெருக்கள், வீட்டு வாசலில் காயும் அப்பளம். இங்குள்ள குலசேகரமுடையார் கோயிலிலிருந்து 1982இல் களவு போன நடராஜர் செப்புத் திருமேனி ஆஸ்திரேலியாவில் ஓர் அருங்காட்சியகத்தில் கண்டுபிடிக்கப்பட்டு 2019இல் திரும்பி வந்தது. 37 ஆண்டு கழித்து வீடு திரும்பிய பிள்ளையை வரவேற்பதுபோல ஊர் திரண்டு வரவேற்றது.

இங்கிருந்து கிழக்கே கன்னடியன் கால்வாய் உங்களுக்குத் துணையாக வரும். கன்னட நாட்டிலிருந்து வந்த ஒருவர் தமக்குக் கிடைத்த செல்வத்தையெல்லாம் கொட்டி வெட்டிய கால்வாய் என்பது ஊர்க்கதை. கதை எப்படியோ, கால்வாய் இன்றும் ஓடுகிறது. வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பத்தமடை எல்லாம் அது தொட்டுக்கொண்டு போகும் ஊர்கள்தான். வீரவநல்லூரில் தறிச் சத்தம் கேட்டால் ஒரு நிமிடம் நில்லுங்கள்.

சேரன்மகாதேவி: ஆற்றங்கரையில் பழைய கோயில்கள் அமைதியாக இருக்கின்றன. நவகைலாயத்தில் இது சந்திரனுக்குரிய தலம். தமிழக அரசியலிலும் இந்த ஊருக்கு ஓர் இடம் உண்டு. வ.வே.சு. ஐயர் 1922இல் தொடங்கிய குருகுலத்தில் பிராமணச் சிறுவர்களுக்குத் தனிப் பந்தி வைத்ததை எதிர்த்து எழுந்த போராட்டம், பெரியார் காங்கிரஸிலிருந்து விலகிய பாதையில் முக்கியமான திருப்பம். ஒரே மனிதரின் பிழையும் தியாகமும் ஒரே ஆற்றின் கரையில், 30 கி.மீ. இடைவெளியில் இருக்கின்றன.

பத்தமடை: முதல் நாளின் கடைசி நிறுத்தம். கோரைப்புல்லைக் கீறி, ஆற்றுத்தண்ணீரில் நாட்கணக்கில் ஊற வைத்து, காய வைத்து, நூல்போல மெல்லிசாக்கி, தறியில் நெய்கிறார்கள். பட்டுப் பாய் என்று சொல்லும் உயர்ந்த ரகம் துணிபோல மடியும். புவிசார் குறியீடு பெற்ற பாய் இது. நெய்பவர்களில் பெரும்பாலோர் இஸ்லாமியப் பெண்கள். கூட்டுறவுச் சங்கத்திலோ நெய்பவர் வீட்டிலோ வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள். ஒரு நல்ல பாய் முடிய எத்தனை நாள் ஆகும் என்று கேட்டுவிட்டு விலையைக் கேளுங்கள். பேரம் பேச வாய் வராது. சிவானந்த சுவாமிகள் 1887இல் பிறந்ததும் இந்த ஊரில்தான்.

படி 6: இரண்டாம் நாள், நெல்லையும் பாளையும்

இன்று வண்டிக்கு ஓய்வு, கால்களுக்கு வேலை.

நெல்லையப்பர் கோயில்: காலை ஏழு மணிக்குள் போய்விடுங்கள். காயப் போட்ட நெல்லை மழை நனைக்காமல் இறைவன் வேலியிட்டுக் காத்ததால் 'திருநெல்வேலி' என்பது தலக்கதை. நெல்லுக்கும் தண்ணீருக்கும் உள்ள உறவை ஊர்ப்பெயரிலேயே வைத்திருக்கும் ஊர் இது. நெல்லையப்பர், காந்திமதி இருவர் கோயில்களையும் இணைக்கும் சங்கிலி மண்டபம் 1647இல் வடமலையப்ப பிள்ளை கட்டியது. நடராஜரின் ஐந்து சபைகளில் ஒன்றான தாமிர சபையின் மர வேலைப்பாட்டைப் பார்க்க மறக்காதீர்கள். மணி மண்டபத்தில் ஒரே கல்லில் செதுக்கிய இசைத்தூண்கள் உள்ளன. பலர் தட்டித் தட்டித் தேய்ந்தவை. காதை மட்டும் அருகில் வையுங்கள், கையை வேண்டாம்.

குறுக்குத்துறை: ஆற்றின் நடுவிலேயே அமைந்த முருகன் கோயில். பெருவெள்ளம் வரும்போது கோயில் மூழ்கும். வெள்ளம் வடிந்ததும் கழுவிவிட்டுப் பூசை தொடங்குவார்கள். ஆற்றோடு சண்டை போடாமல் வாழ்வது எப்படி என்பதை இந்தக் கோயில் சொல்லித் தருகிறது.

சுலோசன முதலியார் பாலம்: திருநெல்வேலியையும் பாளையங்கோட்டையையும் இணைக்கும் இந்தப் பாலம் 1843இல் திறக்கப்பட்டது. அரசிடம் பணம் இல்லை என்றபோது, ஆட்சியர் அலுவலகத்தில் பணியாற்றிய சுலோசன முதலியார் தம் சொந்தச் செல்வத்தை, மனைவியின் நகைகள் உட்பட, கொடுத்துக் கட்டி முடித்தார். லண்டன் வாட்டர்லூ பாலத்தின் சாயலில் அமைந்த கல் வளைவுகளைக் கரையில் இறங்கி நின்றால்தான் பார்க்க முடியும். மேலே நின்றால் வெறும் சாலைதான் தெரியும்.

அதே கரையில், கொக்கிரகுளத்தில் ஒரு நிமிடம் மௌனமாக நில்லுங்கள். 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக நடந்த ஊர்வலத்தின்மீது போலீஸ் தடியடி நடத்தியபோது, ஆற்றில் 17 பேர் மாண்டார்கள். மலை உச்சியில் இலை பறித்தவர்களின் துயரமும் இந்த ஆற்றின் வரலாறுதான்.

பாளையங்கோட்டை: 'தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு' என்று பெயர் வாங்கித் தந்த பள்ளிகளும் கல்லூரிகளும் இங்கே. ஜெர்மானியர் வரலாறும் இங்கேதான் நம் ஆற்றங்கரையைத் தொடுகிறது. பிரஷ்யாவில் பிறந்த சுவார்ட்ஸ் ஐயர் 1778இல் பாளையங்கோட்டை வந்து, குளோரிந்தா என்ற மராத்திய பிராமண விதவைக்குத் திருமுழுக்குக் கொடுத்தார். குளோரிந்தாவின் முயற்சியில் 1785இல் எழுந்த சிறு ஆலயத்தை மக்கள் இன்றும் 'பாப்பாத்தி அம்மாள் கோயில்' என்கிறார்கள். அடுத்து, 1820இல் வந்தவர் ரேனியஸ். இவரும் பிரஷ்யர். ஊசிக்கோபுரம் என்று மக்கள் அழைக்கும் தூய திரித்துவப் பேராலயம் 1826இல் இவர் கட்டியது. 'பூமி சாஸ்திரம்' என்ற புவியியல் நூலை 1832இல் தமிழில் எழுதினார். தமிழ் இலக்கண நூலும் எழுதினார். 1838இல் இறந்தபோது சொந்த நாட்டுக்குத் திரும்பவில்லை. பாளையங்கோட்டை அடைக்கலபுரத்தில் அடக்கமானார்.

பொருநை அருங்காட்சியகம்: பொருநை என்பது தாமிரபரணியின் பழம்பெயர். ரெட்டியார்பட்டி மலைச்சரிவில் தமிழக அரசு அமைத்துள்ள இந்த அருங்காட்சியகம் கொற்கை, சிவகளை, ஆதிச்சநல்லூர் அகழாய்வுகளுக்கானது. நாளைய பயணத்துக்கு இது முன்னுரை. நண்பகலில் போங்கள்.

மாலையில் மறுபடி நெல்லை டவுன். கீழரத வீதியில் இருட்டுக்கடை மாலையில்தான் திறக்கும், வரிசை நீளும். கோதுமைப்பால் எடுத்து, சர்க்கரையும் நெய்யும் சேர்த்துக் கிண்டிய அல்வாவைச் சூட்டோடு இலைத்துண்டில் வாங்கி அங்கேயே சாப்பிடுங்கள். இந்த ருசிக்குத் தாமிரபரணித் தண்ணீர்தான் காரணம் என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். மறுத்துப் பேசாதீர்கள்.

படி 7: மூன்றாம் நாள், கிருஷ்ணாபுரத்திலிருந்து கடல் வரை

இதுதான் மிக நீண்ட நாள். ஆறு மணிக்கே புறப்படுங்கள்.

கிருஷ்ணாபுரம்: திருச்செந்தூர் சாலையில் சுமார் 13 கி.மீ. 16ஆம் நூற்றாண்டு நாயக்கர் காலத்து வெங்கடாசலபதி கோயில். வீரபத்திரர், ரதி, மன்மதன், கர்ணன், அரசகுமாரியைத் தூக்கிச் செல்லும் குறவன். கல்லில் நரம்பும் நகமும் தெரியும். ஒரு சிலைக்கு ஐந்து நிமிடம் என்று ஒதுக்குங்கள்.

கருங்குளம்: ஆற்றை ஒட்டிய வகுளகிரிக் குன்றின்மேல் பெருமாள் கோயில். படி ஏறி மேலே நின்றால் ஆறும் வயலும் வாழைத்தோட்டமும் ஒரே பார்வையில் கிடைக்கும். பயணத்தின் மிக அழகான காட்சி இதுதான் என்பேன்.

ஆதிச்சநல்லூர்: சாலையோரம் சிவந்த பரம்பு மேடு, 114 ஏக்கர். ஒரு பக்கம் பசேலென்று வயல், மறுபக்கம் புல்லும் முளைக்காத மேடு. விளையும் நிலத்தை உயிரோடு இருப்பவர்களுக்கு விட்டு, விளையாத மேட்டில் இறந்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்தார்கள் நம் முன்னோர். 1876இல் பெர்லினிலிருந்து வந்த ஜாகோர் என்ற ஜெர்மானியர்தான் இங்கே முதலில் அகழ்ந்து, கிடைத்தவற்றைப் பெர்லினுக்கு எடுத்துச் சென்றார். பிறகு அலெக்சாண்டர் ரியா விரிவாக அகழ்ந்தார். இரும்புக் கருவிகளும் வெண்கலப் பாத்திரங்களும் பொன் நெற்றிப்பட்டங்களும் வெளிவந்தன. இப்போது அகழ்ந்த குழியின் மேலேயே கண்ணாடித் தளம் போட்டு, தாழிகளை இருந்த இடத்திலேயே பார்க்கும்படி அமைத்திருக்கிறார்கள். காலணியைக் கழற்றச் சொல்லும் பலகை இருக்காது. ஆனாலும் இது ஓர் இடுகாடு என்ற நினைவோடு நடங்கள்.

ஸ்ரீவைகுண்டம்: புதுக்குடியிலிருந்து அணைக்கட்டுப் பாலம் வழியாக அக்கரை போக வேண்டும். இங்கிருந்து பிரியும் வடகால், தென்கால் இரண்டும், மேலே மருதூரில் பிரியும் மேலக்கால், கீழக்கால் இரண்டும் சேர்ந்து சுமார் 46,000 ஏக்கரைக் காக்கின்றன. கடலுக்கு முன் ஆற்றுக்குக் கடைசி அணைக்கட்டு இது. ஊருக்குள் கள்ளபிரான் கோயில், நவதிருப்பதியில் முதலாவது. குமரகுருபரர் பிறந்த ஊரும் இதுவே.

ஆழ்வார்திருநகரி: நம்மாழ்வார் அவதரித்த தலம். அவர் யோகத்தில் அமர்ந்திருந்த உறங்காப்புளி மரம் கோயிலுக்குள் இருக்கிறது. அருகில் திருக்கோளூர், அவரையே தெய்வமாகக் கொண்ட மதுரகவியாழ்வாரின் ஊர். தொடர்ந்து தென்திருப்பேரை. ஒன்பது திருப்பதியையும் இன்றே முடிக்க முயலாதீர்கள். ஸ்ரீவைகுண்டத்தோடு சேர்த்து இந்த நான்கையும் நிதானமாகக் கும்பிட்டால் போதும். மற்றவை உங்களை மறுபடி அழைத்து வரும்.

ஏரலும் கொற்கையும்: ஆற்றைக் கடந்து ஏரல் வந்து, அங்கிருந்து கொற்கை. தாலமியின் நூலில் கொல்கோய் என்று வரும் ஊர், பாண்டியரின் முத்துத் துறைமுகம். வந்து இறங்கினால் வாழையும் நெல்லும்தான் கண்ணுக்குத் தெரியும். கடல் பல கி.மீ. தள்ளிப் போய்விட்டது. தள்ளியது இந்த ஆறுதான். மலையிலிருந்து சுமந்து வந்த வண்டலைக் கொட்டிக் கொட்டிக் கடலை நகர்த்தியது. துறைமுகம் காயலுக்குப் போனது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்ட காயல் அது. அதுவும் தூர்ந்தபின் புன்னைக்காயல் எழுந்தது. இரண்டு நாளாக நீங்கள் பார்த்த வயல்களை உண்டாக்கிய அதே வண்டல்தான் ஒரு பேரூரின் வாசலை மூடியது. கொற்கையில் பழைய வன்னி மரத்தடியில் உட்கார்ந்து இதை யோசித்துப் பாருங்கள்.

புன்னைக்காயல்: முக்காணியில் பாலம் கடந்து ஆத்தூர். வெற்றிலைக் கொடிக்கால்களுக்குப் பேர்போன ஊர். ஒரு கவுளி வாங்கிக்கொள்ளுங்கள். சேர்ந்தபூமங்கலம் நவகைலாயத்தின் கடைசித் தலம், சுக்கிரனுக்குரியது. அதைத் தாண்டினால் சாலை புன்னைக்காயலில் முடிகிறது. 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்க'த்தின் ஆசிரியர் அண்டிரிக் அடிகளார் வாழ்ந்து உழைத்த பரதவர் ஊர் இது. மாலை ஐந்து மணிக்குள் சேர்ந்துவிடுங்கள். கிழக்குக் கரை என்பதால் சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் மறையும். வெளிச்சம் முகத்துவாரத்தின்மேல் விழும்.

படி 8: வயிற்றுக்கு

அல்வாவோடு நெல்லைச் சாப்பாடு முடிந்துவிடுவதில்லை. தேங்காய்ப் பாலில் காய்கறி வேக வைத்த சொதி, மறுவீட்டு விருந்தின் ராணி. இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்கு வறுவலும் அதன் துணை. உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும் எங்கே கிடைத்தாலும் விடாதீர்கள். கூட்டாஞ்சோறு, கருப்பட்டிக் காப்பி, காலையில் புட்டு. மதியச் சாப்பாட்டை அம்பை, நெல்லை, ஸ்ரீவைகுண்டம் என்று ஊரை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். கொற்கைப் பக்கம் பெரிய ஓட்டல் எதிர்பார்க்க வேண்டாம்.

படி 9: ஆற்றில் இறங்கும்போது

- ஊர்க்காரர்கள் குளிக்கும் படித்துறையில் மட்டும் இறங்குங்கள். ஆள் இல்லாத இடத்தில் ஆழம் கண்ணுக்குத் தெரியாது.
- அணைக்கட்டின் மேல் நடக்காதீர்கள். பாசி வழுக்கும்.
- மேலே மழை பெய்தால் கீழே வெயிலடித்தாலும் தண்ணீர் கூடும். கரையில் இருப்பவர்கள் ஏறச் சொன்னால் உடனே ஏறிவிடுங்கள்.
- பரிகாரம் என்று உடுத்திய துணியை ஆற்றில் விடாதீர்கள். பாபநாசத்தில் ஆற்றின் அடியிலிருந்து குவியல் குவியலாகத் துணி அள்ளுகிறார்கள். பாவத்தைக் கழிக்க வந்த இடத்தில் புதிய பாவம் வேண்டாம்.
- படித்துறையில் குளிப்பவர்களைப் படம் எடுக்காதீர்கள்.

இன்னொரு நாள் இருந்தால்

கடையம் போங்கள், பாரதியார் மனைவி செல்லம்மாளின் ஊர், பாரதியார் 1918 முதல் 1920 வரை வாழ்ந்த இடம். அல்லது களக்காடு பக்கம் டோனாவூர் போங்கள். பிரஷ்யப் பிரபு டோனா அனுப்பிய பணத்தில் ரேனியஸ் உருவாக்கிய கிராமம் அது; ஜெர்மானியப் பெயரோடு 'ஊர்' சேர்ந்து நெல்லைத் தமிழாகிவிட்டது. பின்னாளில் ஏமி கார்மைக்கேல் அம்மையார் ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்த இல்லமும் அங்கேதான். மாஞ்சோலைக்கு வனத்துறை அனுமதி கட்டாயம்.

கடைசிப் படி: படங்களை வரிசையாகப் பாருங்கள்

புன்னைக்காயல் கரையில் உட்கார்ந்து, எடுத்து வைத்த தண்ணீர்ப் படங்களைப் பாபநாசத்திலிருந்து ஒவ்வொன்றாகத் தள்ளிப் பாருங்கள். முதல் படத்தில் கூழாங்கல் தெரியும். கல்லிடையில் கொஞ்சம் மங்கும். நெல்லைப் பாலத்தடியில் சாக்கடை சேர்ந்த நிறம் வரும். அதன் பிறகு பழைய தெளிவு திரும்பாது. வண்டல் கலந்த நிறம் ஆற்றின் இயல்பு. மற்ற நிறங்கள் நாம் கொடுத்தவை.

மூன்று நாளாக நீங்கள் பார்த்த பாய், நெல், வெற்றிலை, அல்வா எல்லாமே இந்தத் தண்ணீரின் வேறு வேறு வடிவங்கள். நகையை விற்றுப் பாலம் கட்டினவரையும், செல்வத்தைக் கொட்டிக் கால்வாய் வெட்டினவரையும் பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள். இந்த ஆற்றிடம் வாங்கியவர்கள் திருப்பிக் கொடுத்த ஊர்கள் இவை. அந்தப் படங்களை அழித்துவிடாதீர்கள். அடுத்த ஆண்டு அதே படித்துறைகளில் நின்று மறுபடி எடுத்து, பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஊருக்குப் போனதும் நண்பர்களிடம் அல்வாவைக் கொடுக்கும்போது, முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் காட்டுங்கள்.